ஒரு பல்பு போனா மொத்த சீரியல் செட்டும் ஏன் அணையுது? 'சின்ன பல்புதானே' என்று தொட்டால் என்ன ஆகும்? - எளிய விளக்கம்

மயிலம் முருகன் கோயில் பங்குனி உத்திரம், மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் மாசித் திருவிழா, அமாவாசை ஊஞ்சல் உற்சவம் என விழுப்புரம் மாவட்டத்தில் திருவிழாவுக்குப் பஞ்சமே கிடையாது. திருவிழான்னா மைக் செட் இருக்கும். மைக் செட் இருந்தா சீரியல் செட்டும் இருக்கும். கோயில் மட்டுமல்ல, கல்யாண வீடு, தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் என எல்லா விசேஷத்துக்கும் சீரியல் லைட் வந்துவிட்டது.

அந்தச் சரத்தில் ஒரே ஒரு பல்பு ஃபியூஸ் போனால் போதும், மொத்தமும் இருண்டுவிடும். உடனே யாராவது ஒருத்தர் ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொரு பல்பாகத் திருகிப் பார்ப்பார். "சின்ன பல்புதானே, இதுல என்ன ஷாக் அடிக்கப் போகுது" என்று பிளக்கைக்கூடப் பிடுங்காமல் கை வைப்பவர்கள் உண்டு.

ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. எரியும்போது சுமார் 6 வோல்ட் மட்டும் எடுத்துக்கொள்ளும் அந்தச் சின்ன பல்பு ஃபியூஸ் போன பிறகு, அதன் ஹோல்டரில் 230 வோல்ட்டும் வந்து நிற்கும். அது எப்படி? பள்ளியில் படித்த 'தொடர் இணைப்பு' பாடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தால் புரிந்துவிடும். வாங்க, பார்க்கலாம்.

தொடர் இணைப்பு என்றால் என்ன?

டிவியில் வரும் சீரியலைத் தமிழில் நெடுந்தொடர் என்கிறோம். விளக்கு சீரியலும் ஒரு தொடர்தான். ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தது என்பதுதான் இரண்டுக்கும் பொருள்.

முதல் பல்பின் ஒரு கால் பிளக்கில் இருந்து வரும் ஒயரில் இருக்கும். அதன் மறு கால் இரண்டாவது பல்பில். இரண்டாவதின் மறு கால் மூன்றாவதில். இப்படியே போய், கடைசி பல்பின் கால் மீண்டும் பிளக்குக்கே வந்து சேரும். மின்சாரம் போய் வர இது ஒன்றுதான் பாதை. குறுக்கு வழி, சுற்று வழி எதுவும் கிடையாது. இதைத்தான் பாடப்புத்தகம் 'தொடர் இணைப்பு' என்கிறது. ஆங்கிலத்தில் 'சீரிஸ்'.

இதற்கு எதிரானது 'பக்க இணைப்பு'. ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனிப் பாதை இருக்கும். ஒன்று போனாலும் மற்றவை எரியும். நம்ம வீட்டு லைட், ஃபேன், டிவி எல்லாம் இப்படித்தான் இணைக்கப்பட்டிருக்கின்றன.

ரயில் பாதையை வைத்துப் புரிந்துகொள்வோம்

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் போகும் ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம். எல்லா ஸ்டேஷனும் ஒரே தடத்தில் வரிசையாக நிற்கின்றன. திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் போகிற ரயில், நடுவில் உள்ள அத்தனை ஸ்டேஷனையும் கடந்துதான் ஆக வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கும். விழுப்புரம் மாவட்டத்தையே புரட்டிப் போட்ட புயல் அது. மயிலத்தில் மட்டும் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. டிசம்பர் 2-ம் தேதி விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே உள்ள ரயில்வே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால், அந்தத் தடத்தில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. பிரச்னை ஒரு பாலத்தில்தான். ஆனால் அந்தப் பாதை முழுக்க ஓட்டம் நின்றது. தொடர் இணைப்பில் ஒரு பல்பு போனால் நடப்பதும் இதேதான்.

அப்போது சில ரயில்கள் காட்பாடி வழியாகத் திருப்பிவிடப்பட்டன. அப்படி இன்னொரு பாதை இருந்தால் அது பக்க இணைப்பு. சீரியல் செட்டில் அந்தக் காட்பாடி வழி கிடையாது.

மூணே மூணு விதி

தொடர் இணைப்பைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்.

1. மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒரே அளவு. முதல் பல்பு கொஞ்சம் கரண்டைக் 'குடித்துவிட்டு' மீதியை அடுத்ததுக்குத் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. முதல் பல்பில் ஓடும் அதே அளவுதான் கடைசி பல்பிலும் ஓடும். அதனால்தான் ஒரே மாதிரி பல்புகள் உள்ள சரத்தில் கடைசி பல்பு மங்கலாக எரிவதில்லை.

2. மின்தடைகள் கூடும். 50 ஓம் தடை உள்ள 40 பல்புகளை வரிசையாகக் கோத்தால் மொத்தத் தடை 2,000 ஓம்.

3. மின்னழுத்தம் பங்கு போடப்படும். 230 வோல்ட்டை எல்லா பல்புகளும் பிரித்துக்கொள்ளும். இங்கே முக்கியமான விஷயம், பங்கு எப்போதும் சமமாக இருக்காது. எதற்குத் தடை அதிகமோ, அதற்குப் பங்கும் அதிகம்.

இந்த மூன்றாவது விதியை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 'தடை எங்கே அதிகமோ, வோல்டேஜ் அங்கே அதிகம்.' இந்தக் கட்டுரையில் இனி வரப்போகும் பல ஆபத்துகளுக்கும் காரணம் இந்த ஒரு வரிதான்.

கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

ஜெர்மன் இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி இது: மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்.

நம் 40 பல்பு சீரியல் செட்டுக்கு: 230-ஐ 2,000-ஆல் வகுத்தால் 0.115 ஆம்பியர். இந்த 0.115 ஆம்பியர்தான் 40 பல்பிலும் ஓடுகிறது. ஒரு பல்புக்கு எவ்வளவு வோல்ட்? 0.115-ஐ 50-ஆல் பெருக்கினால் 5.75 வோல்ட். 40 பல்புக்கும் சேர்த்தால் 230 வோல்ட். கணக்கு சரியாக வருகிறது.

நேரடியாக 230 வோல்ட் கொடுத்தால் அந்தப் பல்பு ஒரே நொடியில் கருகிவிடும். நாற்பது பேர் சேர்ந்து சுமையைப் பங்கு போடுவதால்தான் தாங்குகிறது.

40 வாட், 100 வாட்: எது அதிகம் எரியும்?

இது பலரும் தப்பாகப் பதில் சொல்லும் கேள்வி. ஒரு 40 வாட் குண்டு பல்பையும் ஒரு 100 வாட் குண்டு பல்பையும் தொடராக இணைத்து 230 வோல்ட் கொடுத்தால் எது பளிச்சென்று எரியும்?

பதில்: 40 வாட் பல்பு.

காரணம், 40 வாட் பல்பின் தடை சுமார் 1,322 ஓம். 100 வாட் பல்பின் தடை சுமார் 529 ஓம்தான். தடை அதிகம் உள்ள 40 வாட் பல்பு சுமார் 164 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். 100 வாட் பல்புக்கு மிஞ்சுவது சுமார் 66 வோல்ட். பெரிய பல்பு மினுங்கிக்கொண்டு நிற்க, சின்ன பல்பு வெளிச்சம் தரும். இழையின் சூட்டைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் ஜெயிக்கப்போவது 40 வாட்தான்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

பல்பு ஃபியூஸ் போனால் 230 வோல்ட் எங்கே போகும்?

ஒரு பல்பின் இழை அறுந்துவிட்டது. பாதை துண்டாகிவிட்டது. மின்னோட்டம் பூஜ்யம். எல்லா பல்பும் அணைந்துவிட்டன. இதுவரை எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் பிளக் இன்னும் போர்டில்தான் இருக்கிறது. சுவிட்சும் ஆன். அந்த 230 வோல்ட் எங்கே நிற்கும்?

நம் ஒரு வரி விதியை எடுத்துக்கொள்ளுங்கள். தடை எங்கே அதிகமோ அங்கே வோல்டேஜ் அதிகம். நல்ல பல்புகளின் தடை ஆளுக்கு 50 ஓம் அல்லது அதற்கும் குறைவு. அறுந்த இடத்தில் இருப்பது காற்று. காற்றின் தடையோ கணக்கில் அடங்காதது. எனவே நல்ல பல்புகளுக்குப் பங்கே கிடைக்காது. மொத்த 230 வோல்ட்டும் அந்த ஒரு ஹோல்டரின் இரண்டு தகடுகளுக்கு இடையே வந்து நிற்கும்.

அதாவது, எந்த பல்பு 'செத்துப்போச்சு' என்று நினைத்து நீங்கள் கை வைக்கிறீர்களோ, சரியாக அந்த இடத்தில்தான் முழு மின்னழுத்தமும் காத்திருக்கிறது.

கையை வைத்தால் என்ன ஆகும்?

செத்த பல்பைப் பிடுங்கிவிட்டு ஹோல்டரின் இரண்டு தகடுகளையும் விரலால் தொட்டுவிட்டால், அறுந்த பாதையை நம் உடம்பு இணைத்துவிடும். அந்தப் பல்பு இருந்த இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம். நாமும் அந்தத் தொடரில் ஒருவர்.

உடம்பின் தடை ஆளுக்கு ஆள் மாறும், கை ஈரமாக இருந்தால் குறையும். கணக்குக்கு 1,500 ஓம் என்று வைப்போம். மீதி 39 பல்புகளின் தடை 1,950 ஓம். மொத்தம் 3,450 ஓம். 230-ஐ இதனால் வகுத்தால் சுமார் 67 மில்லி ஆம்பியர்.

இதுவும் குறைத்துப் போட்ட கணக்கு. பல்பு எரிந்து சூடாக இருக்கும்போதுதான் இழையின் தடை 50 ஓம். அணைந்து குளிர்ந்துவிட்டால் அந்தத் தடை பல மடங்கு குறைந்துவிடும். அப்போது உடம்பில் ஓடுவது 100 மில்லி ஆம்பியரையும் தாண்டும்.

மனித உயிரைக் காக்க வீடுகளில் வைக்கப்படும் ஆர்.சி.சி.பி. பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டது. இதை வைத்தே 67, 100 என்பதெல்லாம் எவ்வளவு பெரிய எண் என்று புரிந்துகொள்ளலாம். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும்.

எங்க வீட்டில்தான் ஆர்.சி.சி.பி. இருக்கே?

இருப்பது நல்லது. கட்டாயம் வையுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆர்.சி.சி.பி. செய்யும் வேலை, போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்ப்பது. உடம்பு வழியாகத் தரைக்குப் போனால் கணக்கு இடிக்கும், உடனே துண்டித்துவிடும்.

ஆனால் ஹோல்டரின் இரண்டு தகடுகளுக்கும் நடுவே நீங்கள் மாட்டிக்கொண்டால், உங்களுக்குள் நுழைகிற கரண்டு அப்படியே மறுபக்கம் வெளியேறி ஒயரில் திரும்பிவிடும். கணக்கு சரியாகவே இருக்கும். ஆர்.சி.சி.பி.யைப் பொறுத்தவரை நீங்களும் ஒரு பல்பு. அதனால் அது வேலை செய்யும் என்று நம்பி இருக்கக் கூடாது. எம்.சி.பி.யும் இந்தச் சின்ன கரண்டுக்கு விழாது.

இன்னொரு விஷயம். சீரியல் செட்டின் பிளக் பெரும்பாலும் ரெண்டு பின். எப்படித் திருப்பிச் செருகினாலும் எரியும். ஃபேஸ் எந்த முனையில் வருகிறது என்பது வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. ஃபேஸ் பக்கம் உள்ள பல்புகள் தரையை ஒப்பிடும்போது கிட்டத்தட்ட 230 வோல்ட்டில்தான் இருக்கும், பல்பு நன்றாக எரிந்தாலும்கூட. எனவே '6 வோல்ட் பல்பு' என்பது பல்பின் இரண்டு கால்களுக்கு இடையே உள்ள கணக்கு மட்டுமே. உங்கள் கைக்கும் தரைக்கும் இடையே உள்ள கணக்கு அல்ல.

பல்பை எடுத்துட்டு ஒயரை முறுக்கிவிட்டால்?

மாற்று பல்பு கிடைக்காதபோது பலரும் செய்வது இதுதான். செத்த பல்பை வெட்டிவிட்டு ரெண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். சரம் மீண்டும் எரியும். முன்பைவிட கொஞ்சம் பளிச்சென்றுகூட எரியும். அந்தப் பளிச்தான் எச்சரிக்கை.

40 பேர் பங்கு போட்ட 230 வோல்ட்டை இப்போது 39 பேர் பங்கு போடுகிறார்கள். ஆளுக்கு 5.9 வோல்ட். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இப்படியே பத்து பல்பை வெட்டிவிட்டால், மீதி 30 பல்புக்கும் தலா 7.67 வோல்ட். கரண்டும் கூடிவிடும் என்பதால், ஒவ்வொரு பல்பும் தோராயமாக முன்பைவிட முக்கால் பங்கு கூடுதல் சக்தியை இழுத்துச் சூடாகும். சூடு ஏறினால் அடுத்த பல்பு சீக்கிரம் போகும். அதையும் வெட்டினால் மீதிக்கு இன்னும் சுமை. இப்படி ஒன்று போக ஒன்று போகும்.

பந்தல் துணி, தெர்மாகோல், காய்ந்த தென்னங்கீற்று மேல் இந்தச் சரம் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்றிரண்டு பல்பு போனால் அதே வகை பல்பை மாற்றுங்கள். நிறைய போய்விட்டால் செட்டையே மாற்றுவதுதான் பாதுகாப்பு.

எல்.இ.டி. சீரியலில் பாதி மட்டும் ஏன் அணையுது?

இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் எல்.இ.டி. சரம். அதில் பாதி எரியும், பாதி எரியாது என்ற பிரச்னையைப் பார்த்திருப்பீங்க.

காரணம் எளிது. சிவப்பு, மஞ்சள் எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட், நீலம், வெள்ளைக்குச் சுமார் 3 வோல்ட் போதும். 230 வோல்ட்டைப் பங்கு போட நிறைய எல்.இ.டி. வேண்டும். அதனால் பல எல்.இ.டி.களைத் தொடராகக் கோத்து ஒரு வரிசை செய்கிறார்கள். அப்படி இரண்டு அல்லது நான்கு வரிசைகளைப் பக்க இணைப்பில் சேர்த்து ஒரே சரமாக முறுக்கிவிடுகிறார்கள். ஒரு எல்.இ.டி. போனால் அதன் வரிசை மட்டும் அணையும். மற்ற வரிசைகள் எரியும்.

பழைய சீரியல் செட் எப்படி மினுக் மினுக் என்று எரிந்தது தெரியுமா? எல்லா பல்பும் சாதா பல்புதான். ஒரே ஒரு பல்பு மட்டும் 'ஃப்ளாஷர்'. அதற்குள் சூடானால் வளையும் ஒரு சின்ன உலோகப் பட்டை இருக்கும். சூடானதும் வளைந்து பாதையைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் ஒட்டும். தொடர் இணைப்பு என்பதால் ஒரு பல்பு கண் சிமிட்டினால் மொத்த சரமும் சிமிட்டும்.

எல்.இ.டி. என்பதால் ஷாக் அடிக்காது என்று நினைக்காதீர்கள். அடாப்டர் இல்லாமல் நேரடியாக 230 வோல்ட்டில் செருகும் சரம் என்றால், மேலே சொன்ன எல்லா ஆபத்தும் அதற்கும் பொருந்தும்.

வீட்டு சுவிட்சும் ஒரு தொடர் இணைப்புதான்

வீட்டில் லைட், ஃபேன் எல்லாம் பக்க இணைப்பில் இருந்தாலும், ஒவ்வொரு லைட்டுக்கும் அதன் சுவிட்சுக்கும் நடுவே இருப்பது தொடர் இணைப்பு. ஃபியூஸ், எம்.சி.பி. எல்லாமே அப்படித்தான். பாதையில் ஒரு கதவு மாதிரி நிற்பதால்தான் அவற்றால் மின்சாரத்தை நிறுத்த முடிகிறது.

அந்தக் கதவு எந்த ஒயரில் இருக்கிறது என்பது முக்கியம். சுவிட்ச் எப்போதும் ஃபேஸ் ஒயரில்தான் இருக்க வேண்டும். தெரியாமல் நியூட்ரலில் போட்டுவிட்டால் லைட் அணையும், எரியும், எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு ஹோல்டர் வரை ஃபேஸ் வந்து நிற்கும். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டோமே என்று பல்பு மாற்றப் போகிறவருக்கு ஷாக் அடிப்பதற்கு இது ஒரு காரணம்.

'நியூட்ரல் கட்' ஆனால் டிவி ஏன் எரியுது?

புயல், பலத்த காற்று அடித்த பிறகு ஊருக்குள் அடிக்கடி கேட்கும் பேச்சு: "நியூட்ரல் கட் ஆகி எங்க தெருவுல நாலு வீட்ல டிவி போச்சு." இதற்குப் பின்னாலும் தொடர் இணைப்புதான்.

தெருவுக்கு மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல் வருகிறது. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். ஆனால் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். இந்த வீடு ஒரு ஃபேஸில், பக்கத்து வீடு இன்னொரு ஃபேஸில் இருக்கும். நியூட்ரல் சரியாக இருக்கும்வரை இரண்டும் தனித்தனி.

நியூட்ரல் அறுந்துவிட்டால் இரண்டு வீடும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக 400 வோல்ட்டில் தொடராக மாட்டிக்கொள்ளும். இப்போது இந்த வீட்டில் 100 வாட் டிவி மட்டும் ஓடுகிறது, பக்கத்து வீட்டில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் ஓடுகிறது என்று வையுங்கள். டிவியின் தடை சுமார் 529 ஓம், அயர்ன் பாக்ஸின் தடை சுமார் 53 ஓம். தடை எங்கே அதிகமோ வோல்டேஜ் அங்கே அதிகம். டிவிக்கு 360 வோல்ட்டுக்கு மேல் போகும். அயர்ன் பாக்ஸுக்கு 40 வோல்ட்கூடக் கிடைக்காது. 40 வாட், 100 வாட் பல்பு கணக்குதான் இதுவும்.

எனவே லைட் திடீரென்று பளிச்சென எரிந்தாலோ, ஃபேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினாலோ, பக்கத்து வீட்டில் மட்டும் மங்கலாக எரிந்தாலோ ஒரு நொடியும் யோசிக்காமல் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மின்னகம் சேவை எண் 94987 94987.

மோட்டார் கொட்டகையில் காவல்காரன்

தொடர் இணைப்பு என்றாலே ஆபத்துதானா? இல்லை. 'ஒன்று அறுந்தால் எல்லாம் நிற்கும்' என்ற அதே குணம்தான் பல இடங்களில் நம்மைக் காப்பாற்றுகிறது.

நெல், கரும்பு, மல்லாட்டை என விவசாயம் நடக்கும் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மோட்டார் கொட்டகை இல்லாத கிராமம் குறைவு. அங்கே சுவரில் இருக்கும் ஸ்டார்ட்டரைப் பாருங்கள். சிவப்பு ஸ்டாப் பட்டன், ஓவர்லோடு ரிலேயின் தொடுமுனை, நோ-வோல்ட் காயில் மூன்றும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். நீங்கள் ஸ்டாப் பட்டனை அழுத்தினாலும் பாதை அறுகிறது. மோட்டார் அதிக கரண்டு இழுத்து ஓவர்லோடு ரிலே திறந்தாலும் பாதை அறுகிறது. எது நடந்தாலும் காயில் பிடியை விட்டுவிடும், மோட்டார் நின்றுவிடும்.

ஓவர்லோடு அடிக்கடி விழுகிறதே என்று அந்தத் தொடுமுனையை ஒயர் போட்டு நேரடியாக இணைத்து ஓட்டுபவர்கள் உண்டு. காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குவதும் இதுவும் ஒன்று. அடுத்த முறை காயில் கருகுவது நிச்சயம்.

அப்படிக் கருகிய மோட்டாரைக் கட்டக் கொண்டுபோகும் கடையில் ஒரு பலகையில் குண்டு பல்பு மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. அதுதான் 'சீரிஸ் லேம்ப்'. சந்தேகத்துக்குரிய காயிலை அந்த பல்போடு தொடராக இணைப்பார்கள். பல்பு முழுசாக எரிந்தால் உள்ளே ஷார்ட். எரியவே இல்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. மங்கலாக எரிந்தால் பாதை இருக்கிறது என்று அர்த்தம். ஷார்ட் ஆகியிருந்தாலும் பல்பின் தடை கரண்டைக் கட்டுப்படுத்திவிடுவதால் ஃபியூஸ் போகாது. ஆனால் அந்த முனைகளில் இருப்பதும் 230 வோல்ட்தான். தொழில் தெரியாதவர்கள் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

பேட்டரியும் சோலார் பேனலும்

மின்சாரம் தரும் பொருளைத் தொடராக இணைத்தால் வோல்டேஜ் கூடும். 1.5 வோல்ட் செல் இரண்டை டார்ச்சில் போட்டால் 3 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டை இன்வெர்ட்டரில் தொடராக இணைத்தால் 24 வோல்ட்.

புது செல்லோடு பழைய செல்லைக் கலந்து போடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். இரண்டிலும் ஒரே கரண்டுதான் ஓடும். தீர்ந்துபோன பழைய செல் தடையாக நிற்கும், சூடாகும், ஒழுகும்.

மொட்டை மாடி சோலார் பேனல்களிலும் இதே கதை. ஒரு பேனல் சுமார் 40 வோல்ட் தந்தால், பத்தைத் தொடராக இணைத்தால் 400 வோல்ட் டி.சி. ஒரு பேனல் மேல் தென்னை மர நிழல் விழுந்தால் மொத்த வரிசையின் உற்பத்தியும் பாதிக்கப்படலாம். இதைக் குறைக்கத்தான் பேனலுக்குள் 'பைபாஸ் டையோடு' வைக்கிறார்கள். ரயிலுக்குக் காட்பாடி வழி மாதிரி, கரண்டுக்கு ஒரு மாற்று வழி. வெயில் இருக்கும்வரை பேனல் ஒயரில் வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும். கழுவப் போகிறவர்கள் இணைப்புகளில் கை வைக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை, கூடாதவை

* சீரியல் செட்டில் பல்பு மாற்றும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.
* எந்த பல்பு போயிருக்கிறது என்பதைப் பிளக்கைப் பிடுங்கிய பிறகு, மல்டிமீட்டரின் 'கன்டினியுட்டி' வசதியில் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் குண்டு பல்பு நல்லா இருக்கிறது என்று அர்த்தம்.
* மாற்று பல்பு அதே வோல்ட், அதே வகையாக இருக்க வேண்டும்.
* ஒயரை முறுக்கி ஒட்டிய சரம், தோல் உரிந்த ஒயர் வேண்டாம். இரும்பு கேட், கிரில், தகரக் கூரை மேல் சுற்ற வேண்டாம்.
* வெளியில், மழையில் தொங்கவிட வேண்டுமென்றால் அதற்கென்றே செய்யப்பட்ட சரத்தை வாங்குங்கள்.
* குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் காலி ஹோல்டர் இருக்கக் கூடாது.
* தூங்கப் போகும் முன் சரத்தை அணைத்துவிடுங்கள்.
* யாருக்காவது ஷாக் அடித்தால் நேரடியாகத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரை விலக்குங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். எழுந்து நடந்தாலும் மருத்துவமனையில் காட்டுவது அவசியம்.

சுருக்கமாகச் சொன்னால்

தொடர் இணைப்பில் கரண்டு எல்லா இடத்திலும் ஒன்றுதான். வோல்டேஜ் மட்டும் தடையைப் பார்த்துப் பங்கு போடும். அறுந்த இடத்துக்குத்தான் தடை அதிகம் என்பதால் மொத்த பங்கும் அதற்கே.

அதனால் எரியும் சரத்தைவிட, எரியாத சரத்திடம்தான் அதிக எச்சரிக்கை தேவை. அணைந்திருக்கிறது என்பதற்காக மின்சாரம் இல்லை என்று அர்த்தம் இல்லை. பிளக் உங்கள் கையில் இருந்தால் மட்டுமே மின்சாரம் இல்லை.